கர்ப்பப்பை உள்சவ்வு பயாப்ஸி: ஒன்பதாம் நாளா, தூரத்துக்கு (மாதவிடாய்க்கு) முந்தின நாளா?

கேள்வி: குடியாத்தம் மருமகள், 2024 நவம்பர் 17

வயது 31. கல்யாணமாகி ஆறு வருஷம். கணவருக்கு எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். எனக்குக் கருக்குழாய் (டியூப்) டெஸ்டில் இரண்டு பக்கமும் அடைப்பு இல்லை. ஐவிஎஃப்பில் இரண்டு தடவை கரு வைத்தார்கள், இரண்டும் ஒட்டவில்லை. இப்போது கர்ப்பப்பை உள்சவ்வில் அழற்சி இருக்கலாம், துண்டு எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். வேலூரில் பார்க்கும் டாக்டர், தூரம் வந்து ஒன்பது பத்தாம் நாளில் வரச் சொல்கிறார். ராணிப்பேட்டையில் முன்பு பார்த்த டாக்டரம்மா, தூரத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் எடுத்தால்தான் தெரியும் என்றிருந்தார். இருவரில் ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா வேறு, "அது டி.பி. டெஸ்டு, எடுத்தா குடும்பத்துக்கே பேர் கெட்டுடும்" என்கிறார். யாரை நம்புவது?

2024 நவம்பர் 17, இரவு

பதில்: இருவருமே சரி. இருவரும் வேறு வேறு நோயைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் சொன்னவர் தேடுவது நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ், அதாவது உள்சவ்வில் நீண்ட நாளாக இருக்கும் அழற்சி. பிளாஸ்மா செல் என்ற ஒரு வகை வெள்ளணு அங்கே குடியேறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தூரத்துக்கு முன் சொன்னவர் தேடுவது கர்ப்பப்பை டி.பி. துண்டு எடுக்கும் இடம் ஒன்றுதான், நாள் வேறு.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் பெத்தாலஜி லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். மெழுகில் பதித்து, சீவி, சாயம் போட்டு, கண்ணாடியில் (ஸ்லைடில்) ஒட்டிக் கொடுப்பது என் வேலை. படித்துச் சொல்வது எங்கள் லேப் டாக்டரம்மாவின் வேலை. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் எழுதுவதைப் படிக்கவும்.

2024 நவம்பர் 18

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக முடித்துவிட்டேன். ஏன் நாள் முக்கியம் என்று சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வந்து இதே கேள்வியைக் கேட்பார்.

உள்சவ்வு மாதா மாதம் உதிர்ந்து புதிதாக வளர்கிறது. டி.பி. கிருமி அங்கே இருந்தால் அதைச் சுற்றி கிரானுலோமா என்ற முடிச்சு உருவாக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். உதிர்ந்து ஒரு வாரமே ஆன சவ்வில் முடிச்சு இன்னும் கட்டியிருக்காது. கட்டியிருந்தாலும் சின்னதாக, கண்ணில் படாமல் போகும். மாதக் கடைசியில் எடுத்தால் வளர அவகாசம் கிடைத்திருக்கும். அதனால்தான் தூரத்துக்கு முந்தின நாட்கள்.

பிளாஸ்மா செல்லுக்கு இது தலைகீழ். தூரம் நெருங்க நெருங்க உள்சவ்வில் இயற்கையாகவே வெள்ளணுக்கள் கூடும். சவ்வின் சொந்த செல்களும் உப்பி உருண்டு, பார்க்கப் பிளாஸ்மா செல் மாதிரியே வேஷம் போடும். அந்தக் கூட்டத்தில் உண்மையான ஆளைத் தேடுவது, வள்ளிமலைத் தேரோட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவது மாதிரி. ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை கூட்டம் குறைவு. இருந்தால் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு: டி.பி. டெஸ்ட் எடுத்ததால் பெயர் கெட்ட குடும்பம் எதையும் நான் பார்த்ததில்லை. டெஸ்டே எடுக்காமல் இரண்டு டியூபும் கெட்டுப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

2024 நவம்பர் 18, மாலை

பாட்டில்! அதை விட்டுவிட்டேன்.

துண்டு எடுத்ததும் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒன்று ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் மருந்துத் திரவம்), ஒன்று வெறும் சலைனில் (உப்புத் தண்ணீர்). ஃபார்மலினில் போட்டது நுண்ணோக்கியில் பார்க்க. அதில் கிருமி செத்துவிடும், கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வளராது. டி.பி. கல்ச்சருக்கும் ஜீன் எக்ஸ்பெர்ட் போன்ற, கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்டுக்கும் சலைனில் போட்ட துண்டுதான் வேண்டும். சாதாரண பாக்டீரியா கல்ச்சருக்கும் அதேதான்.

லேபில் இருந்த காலத்தில் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது இதுதான். விண்ணப்பத்தில் "டி.பி. கல்ச்சர்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். பாட்டிலைத் திறந்தால் ஃபார்மலின் நெடி மூக்கைத் துளைக்கும். போன் போட்டுச் சொன்னால், "இருக்கிறதை வைச்சுப் பாருங்கம்மா" என்பார்கள். இருக்கிறதை வைத்து எதைப் பார்ப்பது? அந்தப் பெண் மறுபடி படுத்து, மறுபடி வலி தாங்கி, மறுபடி பணம் கட்ட வேண்டும்.

என் அக்கா மகளுக்கே இது நடந்தது. ஊர் பேர் வேண்டாம், ஒரு தனியார் மையம். மொத்தத் துண்டையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டு, கல்ச்சர் ரிப்போர்ட் எங்கே என்று அவளையே கேட்டார்கள்.

2024 நவம்பர் 20

"ஸ்கேனில் தெரியாதா, எதற்குத் துண்டு எடுக்க வேண்டும்?" என்று கேட்டவருக்கு: தெரியாது. ஸ்கேனில் சவ்வின் தடிமன் தெரியும், பாலிப் (சதை வளர்ச்சி) இருந்தால் தெரியும், நீர் கோத்திருந்தால் தெரியும். பிளாஸ்மா செல் தெரியாது. நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ் உள்ள பலருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சிலருக்கு இரண்டு தூரத்துக்கு நடுவே லேசாக இரத்தம் படும், சிலருக்கு அடிவயிற்றில் மந்தமாக ஒரு வலி, வெள்ளைப்படுதல். இதெல்லாம் எந்தப் பெண்ணுக்குத்தான் இல்லை?

இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. கீழே பஞ்சு வைத்து எடுக்கும் ஸ்வாப்பும் உதவாது. வாசலில் இருக்கும் கிருமியும் உள்ளே இருக்கும் கிருமியும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இன்னொருவர் இதை எண்டோமெட்ரியோசிஸ் என்று நினைத்துக்கொண்டு பால் பொருள் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறார். அது வேறு நோய். உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலந்தால் படிப்பவர்கள் குழம்புவார்கள்.

2024 நவம்பர் 23

வலி பற்றி மருமகள் தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படும், இங்கேயே எழுதுகிறேன்.

இப்போது பைப்பெல் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது. ஓபியிலேயே சில நிமிஷத்தில் முடியும். மயக்க மருந்து பெரும்பாலும் வேண்டாம். தூர வலி மாதிரி சுருக்கென்று பிடித்து இழுக்கும், பிறகு விட்டுவிடும். போய்விட்டு பஸ் ஏறி குடியாத்தம் திரும்பலாம். ஆனால் உடன் ஒருவர் வரட்டும்.

எங்கள் காலத்தில் டி அண்ட் சி. பத்திரங்களில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று எழுதிக்கொண்டிருந்த காலம். எனக்கும் அப்போது பிள்ளை நிற்கவில்லை. பிள்ளை இல்லை என்று போனால் முதல் வேலையே தூரத்துக்கு முன்னால் மயக்கம் கொடுத்துச் சுரண்டி எடுப்பதுதான். முட்டை வெடித்ததா, டி.பி. இருக்கிறதா, இரண்டையும் அந்த ஒரே துண்டில் பார்த்துவிடுவார்கள். என் ரிப்போர்ட்டில் ஒரே வரி: சுரப்புக் கட்டம் (முட்டை வெடித்த பிறகு வருவது), கிரானுலோமா இல்லை. மாமியார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இல்லைன்னுதானே போட்டிருக்கு, அப்புறம் என்ன கோளாறு?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பிறகு லேபில் வேலைக்குச் சேர்ந்து, இந்தச் சாயம் அந்தச் சாயம் என்று கற்றுக்கொண்டபோது அந்த ரிப்போர்ட் ஞாபகம் வரும். மாதக் கடைசியில் எடுத்த துண்டு. பிளாஸ்மா செல் இருந்திருந்தாலும் கூட்டத்தில் மறைந்திருக்கும். யாரும் அதைத் தேடவும் இல்லை. இருந்தது என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்றுதான் சொல்கிறேன். எனக்குக் கடைசி வரை பிள்ளை இல்லை. வீட்டில் இப்போது தங்கை பேரன்கள் இருவர் கத்துகிற கத்தலில் இந்த வரியையே மூன்று தடவை திருத்த வேண்டியதாகிவிட்டது.

2024 நவம்பர் 24

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்ப உங்களுக்கு இந்த நோய்தான் இருந்திருக்கு" என்று முடிவே கட்டிவிட்டார். ஐயா, என் கண்ணாடியைப் பார்க்காமலே ரிப்போர்ட் கொடுக்கும் திறமை எங்கள் டாக்டரம்மாவுக்குக்கூட இருந்ததில்லை.

2024 நவம்பர் 28

இப்போது ஹிஸ்டரோஸ்கோபி. உள்ளே சலைன் விட்டு விரித்து, கேமராவில் நேராகப் பார்ப்பது. இத்தாலியில் பாரி நகரத்து சிச்சினெல்லி என்ற மருத்துவரின் குழு 2005இல் ஒன்றைக் கவனித்து எழுதியது: நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ் உள்ளவர்களுக்கு உள்சவ்வில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குட்டிக் குட்டிப் பாலிப்புகள் தண்ணீரில் ஆடும். அதோடு சவ்வு வீங்கி வெளுத்திருப்பது, சில இடங்களில் சிவந்திருப்பது, சிவப்பின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் தெரிவது எல்லாம் அடையாளம். ஸ்ட்ராபெர்ரித் தோற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊட்டிக்குப் போனவர்களுக்குப் புரியும்.

கேமரா மட்டும் போதுமா என்றால், போதாது. சிவப்பு என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. ஒரு டாக்டர் சிவந்திருக்கிறது என்பார், இன்னொருவர் சாதாரணம் என்பார். சலைன் வேகமாகப் போனாலும் நிறம் மாறித் தெரியும். கேமராவில் சந்தேகம் வந்தால், அந்த இடத்திலிருந்தே துண்டு எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்புவதுதான் முறை. டி.பி. இருந்தால் கேமராவில் வேறு விதமாகத் தெரியலாம்: வெளிறிய சவ்வு, சுவர்கள் ஒட்டிக்கொண்டு உள்ளே இடமே சுருங்கியிருப்பது.

2024 நவம்பர் 29

18ஆம் தேதி எழுதியதைப் படித்து ஒருவர், ஒன்பதாம் நாள் எடுத்த துண்டை டி.பி.க்கு அனுப்பவே கூடாதா என்று கேட்கிறார். அனுப்பலாம். ஹிஸ்டரோஸ்கோபிக்கே ஒன்பதாம் நாள்தான் வசதி, அப்போது எடுத்ததில் பாதியைச் சலைனில் போட்டு டி.பி.க்கும் அனுப்புவதை நிறையப் பேர் செய்கிறார்கள். கிருமி கிடைத்தால் கிடைத்ததுதான், எந்த நாளானாலும் அது டி.பி. கிடைக்காவிட்டால் "இல்லை" என்று அடித்துச் சொல்ல முடியாது. தூரமே வராமல் நின்றுபோனவர்களுக்கு நாள் கணக்கே கிடையாது. அவர்களுக்கு டி.பி. சந்தேகம் இன்னும் கூடும்.

தூரத்துக்கு முன்னால் எடுக்கிறவர்கள் அந்த மாதம் கரு தங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்ல மறந்துவிடுவார்கள்.

2024 டிசம்பர் 2

எண்ணிக்கை. இந்த நோயில் ஆக வம்பான விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சாதாரணச் சாயம் போட்டால் கண்ணாடியில் எல்லாம் ரோஸும் ஊதாவுமாகத் தெரியும். பிளாஸ்மா செல்லின் உட்கரு ஒரு ஓரமாக ஒதுங்கி, கடிகார முகத்தில் எண்கள் போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். பழகிய கண்ணுக்கே சில சமயம் தப்பும். அதனால் சிடி138 என்று ஒரு தனிச் சாயம். பிளாஸ்மா செல்லின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு பழுப்பாகக் காட்டும். தனிக் கட்டணம், எல்லா லேபிலும் செய்வதும் இல்லை.

சரி, பழுப்பாகத் தெரிந்தால் முடிந்ததா? இல்லை. உள்சவ்வின் சுரப்பிகளை மூடியிருக்கும் செல்களும் அதே சாயத்தைப் பிடிக்கும். அதுவே எங்களுக்கு ஒரு வசதி, சாயம் வேலை செய்திருக்கிறது என்று தெரியும். ஆனால் சுரப்பியைக் குறுக்கே சீவிய இடத்தில் ஓரம் பிய்ந்து வந்த செல்லைப் பிளாஸ்மா செல் என்று எண்ணிவிட்டால் கதை கந்தல். டாக்டரம்மா இதற்காகவே சாதாரணச் சாயம் போட்ட கண்ணாடியையும் பழுப்புக் கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைப் பார்த்து மற்றதைச் சரிபார்ப்பார். அவசரமாக ரிப்போர்ட் கேட்டுப் போன் வந்தால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்.

இப்போது மெயின் சிக்கல். எத்தனை இருந்தால் நோய்? ஒன்று இருந்தாலே நோய் என்பவர்கள் உண்டு. ஒரு பார்வைப் புலத்தில் (நுண்ணோக்கியில் ஒரே சமயத்தில் தெரியும் வட்டம்) ஐந்து வேண்டும் என்பவர்கள் உண்டு. பத்துப் புலம் எண்ணிக் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே எண் இன்னும் வரவில்லை. அதனால்தான் பிள்ளை இல்லாத பெண்களில் இந்த நோய் நூற்றுக்கு எத்தனை பேருக்கு என்று தேடினால், 3 என்றும் வரும், 57 என்றும் வரும். இரண்டும் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கும் எண்கள்தான். வலை எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து மீன்.

இன்னொன்று. எந்தத் தொந்தரவும் இல்லாமல் பிள்ளை பெற்ற பெண்களிடமும் ஒன்றிரண்டு பிளாஸ்மா செல் கிடைக்கும். ஆகவே ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்ற சொல்லை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை, எத்தனை புலத்தில், சிடி138 போட்டார்களா, தூரத்தின் எத்தனையாவது நாள் என்று இருக்கிறதா பாருங்கள். நாள் எழுதாத விண்ணப்பத்தை நாங்கள் திருப்பி அனுப்பியதுண்டு. அதற்காகத் திட்டும் வாங்கியதுண்டு.

2024 டிசம்பர் 4

"இவ்வளவு குழப்பம் என்றால் எதற்கு இந்த டெஸ்ட்?" நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன்.

பிள்ளை இல்லை என்று முதல் தடவை போகிற எல்லோருக்கும் இதை எடுப்பது வீண் என்பது என் அபிப்பிராயம். முதலில் கணவருக்கு விந்துப் பரிசோதனை. அதற்கே வர மறுக்கும் ஆண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மனைவியை மட்டும் மூன்று ஆஸ்பத்திரி சுற்றவிட்டு, தான் வெளியே டீக்கடையில் நிற்பார்கள். ஆனால் நல்ல கரு வைத்தும் திரும்பத் திரும்ப ஒட்டாதவர்கள், திரும்பத் திரும்பக் கலைகிறவர்கள், அவர்களுக்குப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையிலும், திரும்பத் திரும்ப ஒட்டாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றுதான் இருக்கிறது. கட்டாயம் என்று இல்லை.

குடியாத்தம் மருமகள் அந்த வகையில்தான் வருகிறார். எடுங்கள்.

2024 டிசம்பர் 10

மருமகளுக்கு நேற்று துண்டு எடுத்தாகிவிட்டதாம். இரண்டு பாட்டில் கேட்டு வாங்கினாராம், நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தாராம். பார்க்கட்டும்.

அடுத்த கேள்வி: ஞாயிற்றுக்கிழமை விரிஞ்சிபுரம் போகலாமா? வெளியூர்க்காரர்களுக்கு: கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு மார்க்கபந்தீஸ்வரர் கோயில் சிம்மக் குளத்தில் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் முழுகி, ஈரப் புடவையோடு கோயிலிலேயே படுப்பார்கள், கனவு வந்தால் வரம் கிடைத்ததாக நம்பிக்கை. இந்த வருஷம் டிசம்பர் 15. நானும் ஒரு காலத்தில் படுத்திருக்கிறேன். குளிரில் தூக்கமே வரவில்லை, பிறகு கனவு எங்கே வரும்?

கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். குளத்தில் மட்டும் முழுக வேண்டாம். துண்டு எடுத்துச் சில நாளைக்குக் கர்ப்பப்பை வாய் லேசாகத் திறந்தே இருக்கும். அழற்சி இருக்கிறதா என்று பார்க்கப் போய் புதிதாக ஒன்றை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டாம். சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டாலும் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, நிற்காத இரத்தம் என்றால் மட்டும் உடனே டாக்டர்.

2024 டிசம்பர் 16

டி.பி. பிசிஆர் பாசிட்டிவ், உடனே ஆறு மாத மருந்து என்கிறார்கள், என்ன செய்வது என்று ஆம்பூரிலிருந்து ஒருவர்.

பிசிஆர் தேடுவது கிருமியின் மரபணுத் துணுக்கை. கிருமி உயிரோடு இருக்கிறதா, எப்போதோ செத்துப்போனதின் மிச்சமா என்று அது சொல்லாது. லேபில் கொஞ்சம் அசுத்தமானாலும் பாசிட்டிவ் காட்டிவிடும். அதனால் பிசிஆர் ஒன்றை மட்டும் வைத்து மருந்தைத் தொடங்காமல், கிரானுலோமா, கல்ச்சர், ஜீன் எக்ஸ்பெர்ட், லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவில் பார்ப்பது) இதில் ஏதாவது துணைக்கு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் நல்ல டாக்டரின் வழி. மறுபக்கம், ஜீன் எக்ஸ்பெர்ட் நெகட்டிவ் என்றால் டி.பி. இல்லை என்றும் ஆகாது. கர்ப்பப்பையில் கிருமி எண்ணிக்கை மிகக் குறைவு, அகப்படாமல் போகும். கல்ச்சர் வளர ஆறு வாரம் ஆகும், பொறுக்கத்தான் வேண்டும். கையில் ஊசி போட்டுத் தடிப்புப் பார்க்கும் மாண்டூ நம் ஊரில் பாதிப் பேருக்குத் தடிக்கும். இரத்தத்தில் டி.பி. ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்டை 2012இலேயே அரசு தடை செய்துவிட்டது. யாராவது எழுதிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உறுதியாகி மருந்து தொடங்கினால் அரசில் இலவசம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானால் பயப்படுங்கள். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகியிருக்கிறது. கர்ப்பப்பை டி.பி.க்கும் உண்டு. நுரையீரலில் இருந்தால்தான் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

மருமகளுக்கு ஒரு வார்த்தை: பெண்களுக்கு இந்த இடத்தில் டி.பி. வந்தால் முதலில் கெடுவது பெரும்பாலும் டியூப்தான். உங்களுக்கு இரண்டும் திறந்திருப்பது நல்ல அறிகுறி. முழு நிம்மதி கல்ச்சர் வந்த பிறகு.

2024 டிசம்பர் 21

மருமகளின் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் சவ்வு, கிரானுலோமா இல்லை, சிடி138 போட்டதில் பத்துப் புலத்தில் நான்கு பிளாஸ்மா செல். பிரிண்ட் எடுத்து அழுதேன் என்று எழுதியிருக்கிறார்.

அழ இதில் ஒன்றும் இல்லை, கொண்டாடவும் ஒன்றும் இல்லை. டிசம்பர் 2ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படியுங்கள். ஒரு கட்சிக்கு இது நோய், இன்னொரு கட்சிக்கு இது சும்மா. இரண்டு கரு ஒட்டாமல் போனதையும் சேர்த்துப் பார்த்து உங்கள் டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறார். இந்த நோய்க்கு வழக்கமாக முதலில் கொடுப்பது அதுதான், காலை ஒன்று இரவு ஒன்று. நான் அந்த இடத்தில் இருந்தால் சாப்பிடுவேன். ஆனால் "இதனால்தான் ஒட்டவில்லை" என்று யாராவது சத்தியம் செய்தால் நம்ப மாட்டேன். மருந்தில் குணமானவர்களுக்குப் பிறகு கரு நன்றாக ஒட்டியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அவை பெரும்பாலும் நடந்ததைப் பின்னால் திரும்பிப் பார்த்த ஆய்வுகள். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்று பிரித்துச் செய்தது குறைவு.

2024 டிசம்பர் 22

மாத்திரை விஷயம். பாலோடு சாப்பிடக் கூடாது, கால்சியம், இரும்பு, அல்சர் மருந்து எதனோடும் கூடாது, உடம்பில் சரியாக ஏறாது. முழு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் நெஞ்சுக் குழாயைப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் கறுக்கும், எரியும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மார்கழியிலும் மத்தியானம் குடை எடுங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

2025 ஜனவரி 16

பொங்கல் வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. நடுவில் ஒருவர், உள்சவ்வின் கிருமிகள் மொத்தத்தையும் மரபணு முறையில் பட்டியல் போட்டுக் கொடுக்கும் டெஸ்டை எடுக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறார். அடகு வைக்க நகையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கிறார் போல.

உள்சவ்வில் கிருமியே இருக்காது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், இருக்கும் என்று இப்போது சொல்கிறார்கள். லாக்டோபேசிலஸ் என்ற கிருமி அதிகம் இருந்தால் நல்லது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் குழாய் கர்ப்பப்பை வாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். போகிற வழியில் கீழே இருப்பதையும் தொட்டு எடுத்துக்கொண்டு போகாது என்று எப்படிச் சொல்வது? என் அக்கா மகளுக்கும் இதைச் சொன்னார்கள். அவள் நகையை வைக்கவில்லை. சிடி138 பார்த்தாள், மருந்து சாப்பிட்டாள், அடுத்த மாதம் மறுபடி துண்டு எடுத்து செல் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கரு வைக்கப் போனாள். ஒட்டியதா என்று கேட்பீர்கள். முதல் தடவை இல்லை, அடுத்த தடவை ஒட்டியது. மருந்தா, கருவின் தரமா, சும்மா நேரமா? எனக்குத் தெரியாது, அவள் டாக்டரும் தெரியும் என்று சொல்லவில்லை. அந்த டாக்டரை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

2025 ஜனவரி 27

மருமகளின் டி.பி. கல்ச்சர்: வளர்ச்சி இல்லை. மறு பயாப்ஸி பிப்ரவரியில்.

மறு பயாப்ஸிக்கு அதே நாள் வாக்கில் போங்கள், அதே லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதலில் ஒருவர் எண்ணி, இரண்டாவதை வேறொருவர் வேறு கணக்கில் எண்ணினால் குறைந்ததா கூடினதா என்று சொல்லவே முடியாது.

2025 பிப்ரவரி 3

வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க மறுபடி துண்டு எடுக்க வேண்டுமா என்று ஒருவர். வேண்டாம். உங்கள் துண்டு மெழுகுக் கட்டியாக லேபில் இருக்கும், வருஷக் கணக்கில் வைத்திருப்பார்கள். பிளாக், ஸ்லைடு என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போய், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் தருவார்கள். அதே கட்டியிலிருந்து புதிதாகச் சீவி சிடி138 போடலாம். பிளாக்கை மத்தியான வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். ஸ்லைடைக் காகிதத்தில் சுற்றி ஹேண்ட்பேக்கில் போடாதீர்கள், உடைந்துதான் வந்து சேரும். லேபிலேயே பிளாஸ்டிக் பெட்டி கேளுங்கள், கொடுப்பார்கள்.